இடைவேளைக்குப் பிறகு முதல் பாதி

"இது இடைவேளைக்கு அப்பால ஓட்ற பெட்டி சார்!" என்றான் ஆபரேட்டர் அப்பாதுரை.

தாம்பரம் அலமேலு டாக்கீஸ் மேனேஜர் கஸ்தூரிரங்கன் படச்சுருள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தக் கொட்டகைக்கும் மேடவாக்கம் கொட்டகைக்கும் சேர்த்துப் படத்துக்கு ஒரே பிரதிதான். அங்கே மாட்னி முடிந்ததும் எடுபிடிப் பையன் சேட்டு ஒவ்வொரு பெட்டியாக மொபெட்டில் கட்டி இங்கே கொண்டுவருவான். இன்று இரண்டாவது பெட்டி முதலில் வந்துவிட்டது.

"ரெண்டும் ஒரே மாரி கீது சார், நா இன்னா பண்றது? தோ, இன்னொண்ண எட்த்தாரேன்" என்று சேட்டு பறந்தான்.

உள்ளே ஹவுஸ்ஃபுல். காமிக்ஸில் வந்து பேர் வாங்கிய கழுகுமாறன் முதல்முறையாகத் திரைக்கு வந்திருந்தான். பால்கனியில் படக் கம்பெனி அனுப்பிய ஸ்ரீரங்கன் என்பவர் வேறு உட்கார்ந்திருந்தார். அவர் போய் நல்லவிதமாகச் சொன்னால்தான் படம் இங்கே ஓடும். "படம் கைவிட்டுப் போச்சுன்னா நீங்களும் வேற வேலை பார்த்துக்கலாம்" என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார்.

விசில் காதைக் கிழித்தது.

"இருக்கறதைப் போடுப்பா" என்றார் கஸ்தூரிரங்கன்.

கழுகுமாறன் வந்ததுமே பறந்தான். கொட்டகையே எழுந்து ஆடியது. ஒற்றைக் கையால் ரயிலை நிறுத்தினான். குண்டுகள் அவன் மார்பில் பட்டுச் சப்பையாக விழுந்தன. நாலாவது சண்டையில் ஜனம் கொட்டாவி விட ஆரம்பித்தது.

"அவனுக்குத்தான் ஒண்ணியும் ஆவாதே, நாம இன்னாத்துக்குப் பயப்படணும்?" என்று முன்வரிசை எல்லம்மா முறுக்கைக் கடித்தாள்.

வில்லன் கொதிக்கும் கொப்பரையில் விழுந்து செத்தான். திரையில் 'வணக்கம்' வந்தது. ஜனம் எழுந்துவிட்டது. கஸ்தூரிரங்கன் புரொஜெக்டருக்கு முன்னால் கையை நீட்டி அந்த எழுத்தை மறைத்துக்கொண்டே மைக்கில் கத்தினார்: "இடைவேளை! இடைவேளைதான்! யாரும் போகாதீங்க!"

நல்லவேளையாக அதற்குள் முதல் பெட்டி வந்து சேர்ந்தது. இடைவேளை முடிந்து நடிகர்கள் பெயரெல்லாம் ஓடியது. அதற்குப் பிறகு, செத்த வில்லன் சுருட்டோடு காரிலிருந்து இறங்கினான்.

"செத்தவன் எப்டிபா சுருட்டு புடிக்கிறான்?"

நாற்காலி ஒன்று முறியும் சத்தம் கேட்டது. கஸ்தூரிரங்கன் மைக்கைப் பிடித்தார்.

"ரசிகப் பெருமக்களே! இவர் இறந்தவரின் தம்பி!"

"சார், அட்த்த சீன்ல இவனையும் அதே பேரு சொல்லித்தான் கூப்டுவாங்க" என்றான் அப்பாதுரை.

"தம்பிக்கும் அதே பெயர்தான்!" என்று மைக்கில் ஒரு பொய் கூடியது. பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

திரையில் கழுகுமாறன் ரேஷன் கடையில் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தான். வில்லனின் ஆட்கள் வந்து அவனை அடித்தார்கள். இதோ பறப்பான், இதோ பறப்பான் என்று ஜனம் காத்திருந்தது. அவன் மூக்கில் ரத்தம் வழியத் தரையில் கிடந்தான்.

"ஐயோ, சக்தியெல்லாம் பூட்ச்சா பாவம்!" என்றாள் எல்லம்மா. முறுக்கு கையிலேயே இருந்தது.

கொட்டகை கப்சிப். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒரு குழந்தை தொங்கியது. கழுகுமாறன் ஏறினான். கை நழுவிய குழந்தையைப் பிடிக்க, பறக்கத் தெரியாதவன் அப்படியே குதித்தான்.

"இதுக்கு மேல 'இடைவேளை'ன்னு எழுத்து வரும். விளக்கை அணைச்சுடு!" என்றார் கஸ்தூரிரங்கன்.

திரை இருண்டது. முதலில் ஒரு விசும்பல். அப்புறம் கொட்டகை அதிரக் கைதட்டல். ஜனம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியேறியது.

ஸ்ரீரங்கன் படியிறங்கி வந்தார். கஸ்தூரிரங்கன் கைகூப்பினார்.

"தப்பு என்மேலதான் சார். பெட்டி மாறிப்போச்சு. ஆபரேட்டர், சேட்டு ரெண்டு பேரையும் ஒண்ணும் சொல்லிடாதீங்க."

"படம் இங்கேயே ஓடட்டும். கம்பெனியில நான் சொல்லிக்கறேன்."

அப்பாடா! கஸ்தூரிரங்கனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

"கதையையே தலைகீழா ஓட்டிட்டோமே சார்?"

ஸ்ரீரங்கன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தலைகீழா எடுத்தது அவங்க சார். காமிக்ஸை எழுதினவன் நான். என் கதையில முதல்ல பறப்பான், கடைசியில சக்தியில்லாமத்தான் குதிப்பான். அதுல வர்ற வில்லனோட தம்பியைக்கூட வேண்டாம்னு வெட்டிட்டாங்க, நீங்கதான் சேர்த்தீங்க!"