மகனின் கிட்டாரில் நான் போக்கிய கரகரப்பு

என் மகன் முகுந்தனின் கிட்டார் பெடலை அவனுக்குத் தெரியாமல் பிரித்துக் கெடுத்தவன் நான்தான். பழி அவன்மேல் விழுந்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றவனும் நான்தான்.

அப்போது தாம்பரம் சானடோரியம் பகுதியில் குடியிருந்தோம். தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். லைனில் இரைச்சல் என்று யார் புகார் கொடுத்தாலும் தேடிப் போய்ப் போக்குவதே அதுவரை என் பிழைப்பு. (இரைச்சலை விலை கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு என்று பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லவில்லை.)

பெடல் என்பது காலால் மிதித்தால் எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியை மாற்றும் சிறு பெட்டி. கடையில் முகுந்தன் ஆசைப்பட்டது ஒன்று. நான் கை காட்டியது இருப்பதிலேயே மலிவானது. கடைக்காரர் வாசித்துக் காட்டினார். கிழிந்த ஸ்பீக்கர் போல அலறியது.

“என்னடா இது, கரகரன்னு வருது?”

“அதுக்குத்தான்பா வாங்குறதே!”

நான் நம்பவில்லை. நல்லதை வாங்கித் தராத அப்பாவின் மனம் நோகக் கூடாதென்று பிள்ளை பழுதைப் பொறுத்துக்கொள்கிறான் என்று நினைத்து உருகிவிட்டேன். (உருகியதோடு நின்றிருக்கலாம்.)

கேளம்பாக்கம் பக்கம் ஒரு கல்லூரியில் இசைக்குழுப் போட்டி. அன்று காலை அவன் முடி வெட்டிக்கொள்ளப் போன நேரத்தில் பெட்டியைத் திறந்தேன். ஒலி அலையின் தலையைச் சீவிக் கரகரப்பாக்கிக்கொண்டு, டயோடு என்னும் குட்டிப் பாகங்கள் இரண்டு. பழுது அகப்பட்டுவிட்டது! இரண்டையும் பிடுங்கிவிட்டு மூடி வைத்தேன். மேடையில் கேட்டு மகிழட்டும் என்று அவனிடம் சொல்லவில்லை.

மாலை நான் தனியாகப் பஸ்ஸில் போகும்போதுதான் சந்தேகம் தட்டியது. இரண்டு டயோடுகளை எதிரெதிராக, அவ்வளவு ஒழுங்காக, யாராவது தவறுதலாக வைப்பார்களா? வண்டலூர் தாண்டுவதற்குள் சந்தேகம் உறுதியாகிவிட்டது. செல்போனை எடுத்தேன். என்னவென்று சொல்வது? வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன். மறுபடி வைத்தேன்.

நான் அரங்கில் நுழைந்தபோது பாட்டு உச்சத்தில் இருந்தது. முகுந்தன் பெடலை மிதித்தான். உறும வேண்டிய கிட்டார், கொலு வீட்டு வீணை போலத் தெள்ளத் தெளிவாக, காது கிழிய, ‘டொய்ங்’ என்றது. பதறிப்போய் இன்னொரு முறை மிதித்தான். டொய்ங்.

“மச்சான், சுண்டல் எப்போ தருவீங்க?” என்று ஒரு குரல். அரங்கமே சிரித்தது.

மேடைக்குப் பின்னால் டிரம்ஸ் வாசிக்கும் ரஃபி கொதித்துக்கொண்டிருந்தான். “சீப் பெடல் வேணாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? நாங்க வேற ஆளைப் பாத்துக்குறோம்டா.”

மலிவானதை எடுக்கச் சொன்னது அப்பா என்றுகூட முகுந்தன் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற நானும் வாய் திறக்கவில்லை.

அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை. டயோடுகளைத் திரும்பப் பற்றவைத்து, முகுந்தனையும் இழுத்துக்கொண்டு, பொழிச்சலூரில் அவர்கள் பயிற்சி செய்யும் ரஃபி வீட்டு மொட்டை மாடிக்குப் போனேன்.

“தம்பிங்களா, பெடல் மேல தப்பில்ல, இவன் மேலயும் தப்பில்ல. கரகரப்ப எடுத்தது நான்தான்.”

ரஃபி கேட்டான்: “அங்கிள், எதிர் வீட்டு நாய் ரொம்பக் குரைக்குது. அதையும் கொஞ்சம் பாத்து விடுறீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். முகுந்தன் சிரிக்கவில்லை. குழுவில் அவனை அன்றே சேர்த்துக்கொண்டார்கள். அவன் என்னோடு பேசத்தான் வெகுநாள் ஆயிற்று.

வருடங்கள் கழித்துப் பேத்தி பிறந்து, ஆஸ்பத்திரியே அதிர வீறிட்டு அழுதபோது, வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். முகுந்தன் குழந்தையைக் கொடுக்காமல் முதலில் என் மனைவியைப் பார்த்தான்.

“அம்மா, அப்பா சட்டைப் பையில ஸ்க்ரூடிரைவர் இருக்கான்னு பாரு.”