தீப்பெட்டி லேசரும் அதன் பரிவாரமும்

ஒளியைக் கண்டவர்கள் உலகில் பலர். கூட்டம் போட்டே ஒளியைக் கூட்டியவர்கள் எங்கள் ஆய்வகத்தார் மட்டுமே. அங்கே செய்தித் தொடர்பாளனாக இருக்கும் பேறு எனக்கு.

தீவுகளுக்குப் படகில் போய் வைத்தியம் பார்க்கும் கண் டாக்டரம்மா எங்களிடம் சின்ன லேசர் ஒன்று கேட்டிருந்தார். கண்புரை ஆபரேஷன் முடிந்த சிலருக்குக் கண்ணுக்குள் பாலாடை போல ஒரு படலம் படியும். லேசர் துடிப்பால் சுட்டால் விலகிவிடும்.

எங்கள் ஆராய்ச்சியாளர் அம்மணி தீப்பெட்டி அளவில் ஒன்றைச் செய்துவிட்டார். ஆனால் துடிப்பில் வலு போதவில்லை. உள்ளே போன மின்சாரத்தில் பாதிக்குமேல் வெறும் சூடாக வீணானது.

"உள்ள ஒளியை உண்டாக்குற படிகத்தை மாத்தணும் சார். சில மாசம் ஆகும்."

"வெள்ளிக்கிழமை மந்திரி வர்றார்மா. படிகத்தை விடுங்க, கரண்டை ஏத்துங்க" என்றார் இயக்குநர்.

ஏற்றினார். துடிப்பு வலுத்தது, லேசர் கொதித்தது. அதைக் குளிர்விக்க பீரோ அளவில் ஒரு இயந்திரம் வந்தது. பீரோவைக் குளிர்விக்க இன்னொரு பீரோ வந்தது.

"சார், செயல்திறன் பாதாளத்துக்குப் போயிடுச்சு!"

"பீரோவுக்குப் போற கரண்டை ஏம்மா கணக்குல சேக்குறீங்க? அது பக்கத்து ரூம் பிளக்குதானே?"

"பக்கத்து ரூமும் நம்மதுதான் சார்."

"அப்போ கேன்டீன்ல செருகுங்க."

செருகியதும் செயல்திறன் 'வரலாறு காணாத' உயரத்தைத் தொட்டது. மந்திரி வந்தார், கைதட்டினார், விருது கொடுத்தார்.

டாக்டரம்மாவும் வந்திருந்தார், அந்தப் படலம் படிந்து கண்மங்கிய தையல்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு. பீரோக்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதை எப்படிங்க படகுல ஏத்துறது?"

"அடுத்த திட்டம் தயார்" என்றார் இயக்குநர். "படகைப் பெரிசாக்குறோம்."

"சரி, இவர் கண்ணையாவது இங்கயே பாத்துடலாமா? ஊசியில நூல் கோக்க முடியாம கடையையே மூடிட்டார்."

ஆராய்ச்சியாளர் ஓடிப்போய் பொத்தானை அழுத்தினார். லேசர் கண் திறக்கவில்லை. மந்திரியின் விருந்துக்காகக் கேன்டீனில் யாரோ பீரோக்களின் பிளக்கைப் பிடுங்கி, அடுப்பைச் செருகியிருந்தார்கள்; பீரோக்கள் ஓடாமல் லேசர் ஓடாது.

"சார், ஒரு நிமிஷம் அடுப்பை நிறுத்தினாப் போதும்!"

"மந்திரிக்கு ஆறிப்போன சாப்பாடா போடச் சொல்றீங்க?"

"பரவாயில்லைங்க" என்றார் தையல்காரர். சுவரைத் தடவித் தடவி வாசலைத் தேடினார். ஆராய்ச்சியாளர் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அப்புறம் வேலைக்குத் திரும்பவே இல்லை.

என்ன குறை இதில்? ஒரே ஒருவரின் கண்ணைத்தான் எங்களால் திறக்க முடியவில்லை. மற்ற அத்தனை பேர் கண்ணையும் கட்டிவிட்டோமே, அதுவும் மின்சாரச் செலவே இல்லாமல்!