திரும்பி வந்த கருவாடு

நான்காவது பார்சலும் திரும்பி வந்துவிட்டது. கூரியர்காரன் நிரோஜன் அதை மூக்குக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு படலையில் நின்றான்.

"அக்கா, இதுக்கும் 'எடுக்க மறுப்பு' எண்டுதான் எழுதிக் கிடக்கு. இன்னுமொண்டு திரும்பினால் உங்கடை கருவாடு எங்கடை வானுக்குள்ளை ஏறாதாம். மனேஜர் சொல்லச் சொன்னவர்."

ஆன்சலா பார்சலைப் பறித்து வாங்கினாள். பேஸ்புக்கில் கருவாட்டுக் கடை திறந்த பிறகுதான் முல்லைத்தீவுக் கரையில் அவள் நிமிர்ந்து நடந்தாள். கூரியர் வான் ஏற்றாவிட்டால் பழையபடி லொறி முதலாளி சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். ஓடர் போடுவார்களாம், பொருள் வாசலுக்குப் போனதும் வேண்டாம் என்பார்களாம். நாசமாய்ப் போவார்!

"இனி ஓடர் போடுறவைக்குப் போன் எடுத்து ஆரின்ரை பிள்ளை, எந்த ஊர், எந்தக் கோயில் எண்டு கேள்," என்றார் தகப்பன் யாகப்பு. "கள்ளன் எண்டால் முழிப்பான்."

கேட்டாள். மாங்குளத்து யதுசன் அரைக் கிலோ நெத்தலிதான் கேட்டிருந்தான். தகப்பன் பெயர், சகோதரங்கள், தொழில் என்று ஆன்சலா துருவத் துருவ, பொடியன் பயந்து போனைத் தாயிடம் கொடுத்துவிட்டான்.

"பிள்ளைக்கு எத்தினை வயசு? சமைக்கத் தெரியுமோ?" என்றாள் தாய்.

"ஐயோ அன்ரி, நான் நெத்தலிக்குத்தான் கேட்டனான்!"

"வெக்கப்படாதையுங்கோ."

கரை முழுக்கக் கதை பரவியது: யாகப்புவின் மகள் தானே போன் எடுத்து மாப்பிள்ளை தேடுகிறாள்! ஒட்டுசுட்டானில் இருந்து ஒருத்தி எடுத்து, "என்ரை மனுசனிட்டைப் பிள்ளை எத்தினை எண்டு கேட்டனியாமே?" என்று கிழி கிழியென்று கிழித்தாள்.

சரி, வாய் திறந்தால்தானே வில்லங்கம்? வீட்டுப் படலைக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பினால்தான் கருவாடு என்று பேஸ்புக்கில் போட்டாள். வந்தனவே படங்கள்! கோட்டுச் சூட்டோடு ஒருவன். இரவல் காரில் சாய்ந்தபடி இன்னொருவன். கறிக்கு வாங்கும் பெண்களில் ஒருத்தியும் அந்தப் பக்கம் வரவில்லை. யாகப்பு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "இந்தப் பொடியன் பரவாயில்லை," என்று தரம் பிரிக்கத் தொடங்கினார்.

வவுனியா ஜெயரூபினி மட்டும்தான் உருப்படியான வாடிக்கை. முன்பு போனில் கேட்டதற்கெல்லாம் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார். மகனையும் பக்கத்தில் நிறுத்திப் படம் அனுப்பினார். ஐந்து கிலோ அறக்குளாக் கருவாடு கேட்டார். மாதாவே என்று ஆன்சலா கட்டி அனுப்பினாள்.

அந்த வாரமே அதுவும் திரும்பி வந்தது.

"குறை நினையாதையுங்கோ அக்கா," நிரோஜன் தலையைச் சொறிந்தான். "இனி நான் வரேலாது."

ஆன்சலா பார்சலை வாங்கித் திண்ணையில் வைத்தாள். அந்த நேரம் பார்த்துப் படலையில் வேறொரு வான் வந்து நின்றது. இறங்கியது படத்தில் பார்த்த அதே ஜெயரூபினி. பின்னால் அதே மகன், கையில் கேக் பெட்டியோடு. ஆன்சலா விளக்குமாற்றை எடுத்தாள்.

"பொறுங்கோ பிள்ளை!" ஜெயரூபினி வாயெல்லாம் பல்லாக வந்தார். "கலியாணம் பேசி வாறதுக்கு முதல் ஒருக்கா விசாரிக்க வேணுமெல்லோ? பொறுமையான பொம்பிளையோ எண்டு பாக்கத்தான், வேறை வேறை பேரிலை அஞ்சு ஓடரையும் நாங்களே போட்டுத் திருப்பி விட்டனாங்கள். பேஸ்புக்கிலை ஒரு பேச்சுப் பேசேல்லை நீங்கள், தங்கமான பிள்ளை! இனி ஏன் உந்தக் கருவாட்டு யாவாரம்?"

மகன் கேக்கை நீட்டினான்.

ஆன்சலா விளக்குமாற்றை மெல்லக் கீழே வைத்தாள். "நிரோஜன், கேட்டனியெல்லோ? கள்ள ஓடர் ஆரின்ரை வேலையெண்டு போய் உன்ரை மனேஜரிட்டைச் சொல்லு. போகேக்கை இந்த மாப்பிள்ளையையும் வவுனியாவுக்குத் திருப்பி ஏத்தி விடு."

நிரோஜன் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தான்.

"அக்கா, இதுக்கும் 'எடுக்க மறுப்பு' எண்டே எழுதட்டோ?"