இடம், நாள், கையொப்பம்

ஒரு காட்டில் இருந்ததே ஒரு குளம்தான். அதையும் நரிகள் பிடித்துக்கொண்டன. மீட்டு வரச் சொல்லிச் சிங்கராஜா இரண்டு படைகளை அனுப்பினார். மேலிருந்து கல் போடப் பருந்துகள், கீழே புகுந்து கடிக்கக் கீரிகள்.

"ஊர்ந்து போறவங்களோட நேர்ல பேசுற வழக்கம் எங்களுக்குக் கிடையாது" என்றார் பருந்துத் தளபதி. அதனால் நடுவில் ஓர் ஒருங்கிணைப்பு அலுவலகம் வைத்தார்கள். அதில் உட்கார்ந்திருந்தது ஓர் ஓணான். எதைச் சொன்னாலும் தலையாட்டும். வேலை மட்டும் நடக்காது.

கீரிப்படைத் தலைவன் மாசானம் ஆறு பேரோடு ஒரு புளியமரத்துப் பள்ளத்தில் பதுங்கிக் கிடந்தான். ஆறில் ஒருவன் அவன் தம்பி இசக்கி. எதிரே குளத்தங்கரையில் நாற்பது நரிகள். கல் விழுவதற்கு முன்னால் தலை தூக்கினால் ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள். மாசானம் அலுவலகத்துக்குப் போனான்.

"கல் வேணும் சார். குளத்தங்கரையில."

"மனுவா எழுதிக் கொடுங்க."

எத்தனை நரி, எந்த மரத்தடி என்று ஒன்று விடாமல் ஒரு பக்கம் எழுதினான். ஓணான் தாளைத் திருப்பித் தள்ளியது.

"அடியில இடம், நாள் போடலியே. எங்கேருந்து வர்றீங்கன்னு தெரிய வேணாமா? இது இல்லாம மேல போகாது."

மாசானம் ஒழுங்காக எழுதினான். இடம்: புளியமரத்துப் பள்ளம்.

திரும்பி வந்ததும், "அண்ணே, மெய்யாவே வருவாங்களா?" என்றான் இசக்கி.

"முத்திரையே குத்தியாச்சுடே."

வந்தார்கள். ஒரு கல்கூடக் குறி தப்பவில்லை. அத்தனையும் பள்ளத்தில் விழுந்தன.

தூசி அடங்கியபின் தளபதி இறங்கி வந்தார். ஒரு கால் நசுங்கிய மாசானம் கற்களைப் புரட்டிக்கொண்டிருந்தான். இசக்கியின் வால் மட்டும் தெரிந்தது.

"மனுவைப் படிச்சீங்களா?"

"பறக்குறவனுக்கு முழுசாப் படிக்க ஏதுப்பா நேரம்? இடம்னு ஒண்ணு போட்டிருந்துச்சு. போட்டோம்."

கரையிலிருந்து நரிகள் இதைப் பார்த்தன. சொந்த ஆள் தலையிலேயே இப்படிப் போடுகிறவன் நம்மை என்ன செய்வானோ என்று அன்றே குளத்தை விட்டு ஓடின.

வெற்றி விழாவில் சிங்கராஜா பேசினார். "வான்படையும் தரைப்படையும் ஒரே இடத்தில் சேர்ந்தது நம் வரலாற்றில் இதுவே முதல் முறை." பதக்கம் ஓணானுக்குப் போனது. மாசானம் கைதட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று விளக்கம் கேட்டு மறுநாள் அவனுக்கு ஒரு தாள் வந்தது.

நீதி: நம்மவர்கள் மேலே பறக்கும்போது பகைவன் மடியில் போய் உட்கார்ந்துகொள், அங்கே மட்டும் கல் விழாது.