ரோஜாவின் வயிற்றுப் பட்டை

சுப்பராயலுவின் சட்டைத் தோள்பட்டை கிழிந்து ரோஜாவின் வாயில் இருந்தது. ரோஜா அதை நிதானமாக மென்று பார்த்துவிட்டு, பிடிக்காமல் துப்பியது.

"கடிச்சிடுச்சா?" என்று வாசலிலிருந்து கேட்டாள் மனைவி தில்லையம்மாள்.

"இல்ல, முத்தம் குடுத்துச்சி."

ரோஜா ஒரு வெள்ளைக் குதிரை. சேணத்தை முதுகில் வைத்தால் சும்மா நிற்கும். சேணத்தின் பட்டையை வயிற்றுக்கடியில் கொடுத்து இறுக்கினால்தான் காது பின்னால் மடியும், பல் வெளியே வரும்.

சிதம்பரத்தில் ஒரு பாத்திரக்கடையில் வேலை பார்க்கும் மனிதருக்குக் குதிரை எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவர் திட்டம். மனைவியின் மொபெட்டை விற்றுத்தான் வாங்கினார். தில்லையம்மாள், கீரப்பாளையத்தை ஒட்டிய ஒரு காலனியில் அங்கன்வாடி டீச்சர். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். மொபெட் போனதற்கு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் தானாகவே சரியாகிவிட்டாள். அதைத் தன் சாமர்த்தியம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

முதல் ஊர்வலம் மச்சான் இளவரசுவின் கல்யாணம். "மாப்ள என் குதிர மேலதான் வருவாரு" என்று நிச்சயதார்த்தத்திலேயே மாமனார் எதிரில் முழங்கியாயிற்று. இன்னும் பதினைந்து நாள் இருந்தது. குதிரை ஒத்துழைக்காவிட்டால் அதை விற்றாக வேண்டும். மாமனார் வீட்டில் ஆயுசுக்கும் தலை நிமிர முடியாது.

காலை ஏழு மணி பஸ்சுக்குப் போகிறவர், சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துதான் குதிரையைப் பழக்க முடியும். மறுநாள் வெல்லம் கொடுத்தார். ரோஜா வெல்லத்தைத் தின்றுகொண்டே வயிற்றை உப்ப வைத்துக்கொண்டது. பட்டை சுலபமாக மாட்டியது. சுப்பராயலு ஏறி உட்கார்ந்ததும் ரோஜா மூச்சை விட்டது. சேணம் வழுக்கி வயிற்றுக்கடியில் போக, கூடவே அவரும் போனார்.

அடுத்த நாள், ஏமாறக் கூடாது என்று முழங்காலை அதன் விலாவில் ஊன்றி ஒரே இழுப்பாக இழுத்தார். அதுவரை ரோஜாவுக்குப் பட்டையைத்தான் பிடிக்காது. அதற்குப் பிறகு அவரையே பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஆச்சரியமாக, பட்டையை ஒரு ஓட்டை அளவுக்கு இறுக்க விட்டது. கறிக்குழம்பு சாப்பிட்ட நிதானத்தில் தன் கை பக்குவமாக இருந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, திங்கட்கிழமையும் கறி எடுத்தார். திங்கட்கிழமை பழையபடி கடித்தது.

"குதிர நல்லா ஒழைக்குது போல" என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். கேலிதான் என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் கால்நடை டாக்டர் பிரிசில்லாவை அழைத்து வந்தார். முன்னங்காலுக்குப் பின்னால், பட்டை படும் இடத்தை டாக்டர் விரலால் தடவியதும் ரோஜா உடம்பைச் சிலிர்த்தது.

"முடி தேஞ்சிருக்கு பாருங்க. வேர்வ காஞ்சி, மண்ணு ஒட்டி, தோலு எரியிது. இது திமிரு இல்ல, வலி. டெய்லி எவ்ளோ தூரம் ஓடுது?"

"எங்க ஓடுது? நாள் பூரா சும்மா நிக்கிது மேடம். எனக்குப் பட்டையே மாட்ட முடியல."

"சும்மா நிக்கிற குதிரைக்கு இப்படித் தேயாதே?"

"இது நின்னாலே வேர்க்கும் மேடம். அவ்ளோ சோம்பேறி."

டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். "கல்யாணம் வரைக்கும் யாரும் பட்டை கட்டக் கூடாது. அன்னிக்கி நல்லா கழுவித் தொடச்சி, மெத்துனு துணி வெச்சி, ஒரு ஓட்டை இறுக்குங்க. பத்தடி நடத்துங்க. அப்புறம் அடுத்த ஓட்டை."

அன்று மனம் வெறுத்துப்போய், "பேசாம வித்துடலாமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"விக்க வேணாங்க. பாவம், நல்ல குதிர."

மொபெட்டை இழந்தவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை. சுப்பராயலுவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நாட்களில் தில்லையம்மாளுக்குத் தினமும் சாயங்காலம் கால்வலி. வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயசாகிறது என்று இவர் பரிதாபப்பட்டார்.

கல்யாணத்தன்று காலை, கீரப்பாளையம் பிள்ளையார் கோயில் வாசலில், டாக்டர் சொன்னபடியே துணி வைத்து, இறுக்கி, நடத்தி, மறுபடி இறுக்கினார். அரைமணி நேரம் ஆயிற்று. ரோஜா கடிக்கவில்லை. காதைக்கூட மடக்கவில்லை. மாலையும் தலைப்பாகையுமாக இளவரசு ஏறி உட்கார்ந்தான். பேண்டு முழங்கியது. மாமனாரே, "பரவால்லியே மாப்ள!" என்றார். சுப்பராயலுவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மண்டபத்துக்கு நேராகப் போக வேண்டும். காலனி போகும் பிரிவு வந்ததும் ரோஜா இடது பக்கம் திரும்பியது. மிரளவில்லை, பாயவில்லை. ஆபீசுக்கு நேரமாகிவிட்டவர் போல விறுவிறுவென்று நடந்தது. சுப்பராயலு கையிலிருந்த கயிறு உருவிக்கொண்டு போயிற்று.

"மாமா! பிடிங்க மாமா!" என்று அலறினான் இளவரசு.

சுப்பராயலு பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அவர் பின்னால் மாமனார் ஓடினார். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பேண்டுக்காரர்களும் வாசித்துக்கொண்டே ஓடினார்கள். பெண்கள் வந்த வேனிலிருந்து எல்லாரும் இறங்கிவிட்டார்கள், தில்லையம்மாளைத் தவிர.

காலனிக் கடைசியில், அங்கன்வாடி வாசல் புங்கமரத்தடியில் போய் ரோஜா தானாக நின்றது. உள்ளேயிருந்த பிள்ளைகள், "ரோசா வந்துட்டா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அங்கன்வாடி ஆயா கொளஞ்சி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து, வைக்கிற இடத்தில் வைத்தாள். மேலே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு குதிரையின் கழுத்தைத் தட்டிக் கேட்டாள்:

"ஏண்டி ரோசா, டீச்சரு இன்னிக்கி லீவுன்னு ஒங்கிட்ட சொல்லலியா?"