ஞாயிறன்று நான் வாய் திறக்காதது குறித்து

சம்பந்தி ஆகவிருக்கும் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் நலம், என் மேல்வரிசை முன்பல் ஒன்று நீங்கலாக. தங்கள் வீட்டில் அனைவரும் முழு வரிசையோடு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஞாயிறன்று தாங்கள் குடும்பத்தோடு என் மகளைப் பார்க்க வந்திருந்த இரண்டு மணி நேரமும் நான் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் இருந்ததையும், தங்கள் துணைவியார் "எங்க பையனை உங்களுக்குப் புடிச்சிருக்கா?" என்று கேட்டபோது கையை மட்டும் உயர்த்தியதையும் தாங்கள் தவறாக எடுத்துக்கொண்டிருக்கலாம். நான்கு நாளாகத் தங்களிடமிருந்து பதில் இல்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

முந்தின நாள் காலை, தாங்கள் வருகிறீர்களே என்று கூடத்தில் புதுத் திரை மாட்டினேன்; கம்பி கழன்று வாயில் விழுந்தது; பல் வேரோடு வெளியே வந்துவிட்டது. பல் மருத்துவமனையில் தொலைபேசியில் கேட்டதற்கு, பல்லைப் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் அதே இடத்தில் பொருத்திவிடலாம் என்றார்கள். பன்னிரண்டாவது நிமிடம் நானும் பல்லும் பாலும் அங்கே இருந்தோம். 'உடனடி சிகிச்சை' என்ற பலகையின் கீழ் இருந்த அம்மையார், "அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" என்றார். இப்போதுதான் விழுந்தது என்றேன். "எமர்ஜென்சின்னா ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிடணும் சார். அப்படிச் சொன்னவங்கதான் இத்தனை பேரும் உக்காந்திருக்காங்க" என்றார். பிறகு கிண்ணத்தை எட்டிப் பார்த்து, "பல்லு வாயில இருந்தா இங்க. வெளிய வந்துட்டா அது லேப், மாடிக்குப் போகணும்" என்று பல்லுக்கு ஒரு டோக்கனும் எனக்கு ஒரு டோக்கனும் கொடுத்தார். பல்லின் எண் ஏழு. என் எண் நாற்பத்தொன்று.

இதில் நான் குறை சொல்ல மாட்டேன். முப்பத்தொரு வருடம் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்தவன். மனுவை ஒரு பிரிவுக்கும் அதன் இணைப்பை வேறு பிரிவுக்கும் அனுப்பும் முறையை எங்கள் அலுவலகத்தில் கொண்டுவந்தவனே நான்தான். நான்கு பக்கப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். நாற்பதாவது நிமிடம் டாக்டரம்மாவே வெளியே வந்து, "பல் விழுந்தவர் யாரு? டோக்கனெல்லாம் அப்புறம், உடனே உள்ள வாங்க" என்றார். அப்போது பதினான்காவது கட்டம், 'விழுந்ததை நேரில் கண்டவரின் கையொப்பம்', காலியாக இருந்தது. அரைகுறைப் படிவத்தோடு வந்த ஒருவரையும் நான் என் அறைக்குள் விட்டதில்லை. நானே எப்படி நுழைவேன்? "ரெண்டு நிமிஷம் டாக்டர், சாட்சி வந்துக்கிட்டிருக்கா" என்றேன். சாட்சி, திரையை மாட்டி முடிக்க வீட்டில் தங்கிவிட்ட என் மனைவி. வந்தவள், "பல்லை மாடிக்கு அனுப்பிட்டு பேப்பரைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, உங்களையெல்லாம்..." என்று ஆரம்பித்து, கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்துக் கையெழுத்துப் போட்டபோது பல் விழுந்து ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது. பல்லும் அறிக்கையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தது. 'பல் நல்ல ஆரோக்கியத்துடன் உள்ளது. சிகிச்சை தேவையில்லை.'

டாக்டரம்மா, "இனிமே ஒட்டாது சார்" என்று ஈறில் தையல் போட்டுப் பஞ்சை வைத்து, இரண்டு நாள் பேசவே கூடாது என்றார். அதில் ஒரு நாள் தங்களுடையதாகிவிட்டது. நான் கையை உயர்த்தியது மறுப்பதற்கு அல்ல, ஆசி சொல்வதற்கு. தங்கள் மகனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. என் மகளுக்கு அதைவிட. அடுத்த வார வெள்ளிக்கிழமை நேரில் வந்து, என் அலுவலக அனுபவங்களையும் சேர்த்து, எல்லாவற்றையும் விரிவாகப் பேசுகிறேன்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசியும்.

தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்,
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தங்கள் துணைவியார் என் மனைவியை அழைத்துச் சம்மதம் சொன்னாராம். "பொண்ணோட அப்பா ரெண்டு மணி நேரம் வாயே தெறக்கலீங்க. இப்படி ஒரு சம்பந்தி யாருக்குக் கிடைப்பாரு?" என்றாராம். எண் போட்டுப் பதிவு செய்துவிட்ட கடிதத்தை அனுப்பாமல் இருக்க முடியாது. தாங்கள் இதைப் படிக்காமல் கோப்பில் வைத்துவிடவும். வெள்ளிக்கிழமை நான் வரவில்லை. செயற்கைப் பல் கட்டுவதைக் கல்யாணம் முடியும்வரை தள்ளிப் போடும்படி என் மனைவி டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாள். அவசரம் ஒன்றும் இல்லையாம்.