முப்பத்தேழு பேர் கேட்ட ஆல்பம்

முப்பத்தேழு. உலகத்தில் இத்தனை பேர்தான் அந்த ஆல்பத்தைக் கேட்டிருந்தார்கள், நம்மவர் முப்பத்தேழாமவர். இந்த ஒரு சந்தோஷத்துக்காகவே உயிர் வாழும் இனம் ஒன்று நம்மிடையே உண்டு. எதையும் எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிடுவதால், இவருக்கு அலுவலகத்தில் 'முதல்செவி' என்று பெயர்.

மின்னணு இசை, பரிசோதனை இசை என்று இந்த இனம் மேய்கிற காடு பெரியது. பழுதான ரேடியோவின் இரைச்சலை நாற்பது நிமிடம் நீட்டியது, லிஃப்ட் கதவு மூடுவதைப் பதிவுசெய்து பின்னோக்கி ஓட்டியது, ஒரே சுருதியைக் கட்டிக்கொண்டு அதை விட்டால் கதியில்லை என்று கிடப்பது, எல்லாவற்றையும் முதல்செவி கண்ணை மூடிக் கேட்பார்; நடுநடுவே ஒரு கண்ணை மட்டும் திறந்து, இதுவரை எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்வார். ஏதோ ஒரு பாட்டு நன்றாக இருக்கிறது என்று நீங்கள் வாய்தவறிச் சொன்னால் போச்சு.

"அதுவா? அவங்களோட முதல் ஆல்பம் கேட்டிருக்கீங்களா?"

கேட்டிருக்கமாட்டீர்கள். அதனால்தானே அந்தக் கேள்வியே!

ஆண்டுக்கொரு முறை, 'கண்டடைய வேண்டிய பத்து ஆல்பங்கள்' என்று ஓர் இணைய இதழில் பட்டியல் போடுவார். அவர் மானம் மரியாதையெல்லாம் அதில்தான். இந்த ஆண்டு முதலிடம் அந்த முப்பத்தேழுக்கு. மூன்று வாரம் மற்ற ஒன்பதைத் தேடுவதில் மூழ்கிவிட்டு, பட்டியல் அனுப்ப வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு எண்ணிக்கையைப் பார்த்தால், நானூற்றுப் பன்னிரண்டு!

"எவனோ ஊருக்கெல்லாம் சொல்லிட்டான்!" என்று சமையலறைக்கு ஓடிவந்தார்.

"நான்தாங்க," என்றாள் மனைவி. அவள் மருத்துவமனையில் ஸ்கேன் எடுப்பவள். "எங்க மெஷின் டொக்கு டொக்குன்னு அடிக்கும்ல? நீங்க அன்னிக்கு வீட்டுல போட்டிருந்த இதுவும் அப்படித்தான், ஆனா பயமுறுத்தல. உள்ள போய்ப் படுக்க நடுங்கறவங்களுக்கு வெளியிலேயே ஹெட்ஃபோன்ல கொஞ்ச நேரம் போட்டுவிடறேன். பழகிடறாங்க. வீட்டுக்குப் போயும் கேக்கறாங்களாம்."

"நோயாளிங்களா?"

"அவங்க வீட்டுக்காரங்களும்தான். மூணாவது பாட்டுல, ஏழாவது நிமிஷம், கீழ ஓடற சத்தம் ஒரு அடி பின்தங்கும்ல? மேல இருக்கறது நின்னு அதக் கூட்டிட்டுப் போகும். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஒரு தடவ ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கலாமாங்க?"

பதினோரு ஆண்டுக் குடித்தனத்தில் அவள் அவருடைய இசைக்குள் எட்டிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. ஏழாவது நிமிடத்தில் என்ன வரும் என்று அவருக்கு ஞாபகமே இல்லை. கேட்டிருந்தால்தானே!

"அது இப்ப எல்லாரும் கேக்கறதா ஆயிடுச்சே," என்றார்.

"நல்லதுதானே?"

அதற்குள் முதல்செவி முதலிடத்துக்கு வேறு ஆல்பம் தேடப் போய்விட்டார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாக. ஆனால் ஆல்பத்தின் பெயரை இன்னும் சொல்லவில்லையே என்று இரண்டாம் பத்தியிலிருந்தே உங்களுக்கு அரிக்கிறதா? தேடிப்பிடித்து, நாளைக்கு நண்பரிடம் "இன்னுமா கேக்கல?" என்று புருவம் உயர்த்தத் தோன்றுகிறதா? அப்படியானால் உங்கள் காதைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை பட்டியல் போயிற்று. முதலிடத்தில், ஒன்பதே பேர் கேட்ட வேறொரு ஆல்பம். சனிக்கிழமை காலை அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அந்த மூன்றாவது பாட்டைத் தனியாகக் கேட்டபடி வேலைக்குக் கிளம்பினாள்.